ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பு

"நரம்பு கிடைக்கவில்லை" என்ற பேச்சு குழந்தைகள் வார்டில் அடிக்கடி காதில் விழும். ஊசி குத்த அங்கே தேடுவது நரம்பை அல்ல, சிரையை, அதாவது இரத்தம் ஓடும் குழாயை. மரத்துப்போக வேண்டியதுதான் நரம்பு.

ஊசி குத்தும் இடத்தை மரக்கச் செய்யும் களிம்பில், எம்லா என்று கடைகளில் கேட்கப்படுவதில், இரண்டு மரப்பு மருந்துகள்: லிடோகெய்ன் 2.5 சதவீதம், பிரிலோகெய்ன் 2.5 சதவீதம். தனித்தனியே இரண்டும் திடப்பொருள். சம அளவில் சேர்த்தால் அறை வெப்பத்திலேயே எண்ணெயாக உருகிவிடும். இதனால்தான் தோலுக்குள் இறங்குகிறது. இறங்கியதும், நரம்பு முனையில் சோடியம் அயனிகள் நுழையும் வழியை அடைத்துவிடும். வலிச் செய்தி கிளம்பாது.

ஆனால் மெதுவாகத்தான் இறங்கும்: 60 நிமிடத்தில் சுமார் 3 மி.மீ., 2 மணி நேரத்தில் 5 மி.மீ. "போட்டும் அழுதான்" என்றால் பெரும்பாலும் கால் மணியில் துடைத்திருப்பார்கள், அல்லது தைலம்போலத் தேய்த்திருப்பார்கள். தேய்க்காமல் தடிமனாக வைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டரால் காற்றுப் புகாமல் மூட வேண்டும். களிம்பு இரத்தக்குழாயைச் சுருக்கித் தோலை வெளுக்க வைக்கும். துடைத்த உடனே சிரையைத் தேடினால் தட்டுப்படாது. சில நிமிடம் பொறுக்கலாம்.

3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மொத்தமே 1 கிராம், அதுவும் ஒரு மணி நேரம் மட்டும். பிரிலோகெய்ன் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள், ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்காத மெத்ஹீமோகுளோபினாக மாற்றும். அதைத் திரும்பச் சீராக்கும் நொதி கைக்குழந்தைக்குக் குறைவு. உதடு நீலம் பாரித்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பச்சிளம் குழந்தைக்குக் குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்கும்போது இந்தக் களிம்பு உதவாது. அங்கே 24 சதவீத சர்க்கரைக் கரைசல்: குத்துவதற்கு 2 நிமிடம் முன்பு, நாக்கில் சில துளி. குழாய் வழியே நேராக வயிற்றுக்குள் விட்டால் பலனில்லை; இனிப்பை நாக்கு உணர வேண்டும். இது அளந்து தரும் மருந்து, வீட்டில் கலக்கும் சீனித்தண்ணீர் அல்ல. தாய் அருகில் இருந்தால் தாய்ப்பாலே போதும்.

6-ஆவது வாரத் தடுப்பூசிக்கும் அப்படியே: பால் குடிக்கத் தொடங்கிய பிறகு ஊசி, குடித்துக்கொண்டே இருக்கும்போது ஊசி. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னவற்றில் இதுவும் உண்டு. வாய்வழி தரும் ரோட்டா தடுப்புச் சொட்டு முதலில், அதிகம் வலிக்கும் ஊசி கடைசியில். குத்தியபின் பிஸ்டனைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது வேண்டாம். ஊசி தசைக்குள் நிற்கும் நேரம்தான் கூடுகிறது. முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுப்பதும் வீண், ஊசி குத்தும் வலியை அது குறைப்பதில்லை.