சைட்டில் கடைசியாகக் கை வையுங்கள்

இந்த மாதம் சரிசெய்ய என்னிடம் வந்த நான்காவது காம்பவுண்ட் வில் இது. புது ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பாகம்), புது சைட் (குறிபார்க்கும் கருவி), நீளமான ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைக் குறைக்கும் எடைக்கம்பி); குறை சொல்ல முடியாத சாமான்கள். ஆனால் சைட்டின் பக்கவாட்டுத் திருகு ஓரத்தில் போய் முட்டி நிற்கிறது, இனி நகர்த்த இடமில்லை. "20 மீட்டர்ல சரியா விழுது சார், 50 மீட்டர்ல மட்டும் ஒரு பக்கமா விலகுது" என்கிறார் கொண்டுவந்தவர். ரெஸ்டை அளந்தேன். இருக்க வேண்டிய இடத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது.

தயவுசெய்து கேளுங்கள். சைட் அம்பைத் திருத்தாது. வில்லை எந்தப் பக்கம் காட்டிப் பிடிப்பது என்று உங்கள் கண்ணுக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அம்பு வாலை ஆட்டிக்கொண்டு கோணலாகக் கிளம்பினால், சைட்டை எவ்வளவு திருகினாலும் கோணலாகத்தான் கிளம்பும். 20 மீட்டரில் அந்தக் கோணலுக்கு ஏற்றபடி குறியை மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். தூரம் கூடியதும் அது மறுபடி தலைகாட்டுகிறது. காற்றடித்தால் இன்னும் மோசம். பிறகு "என் கைதான் சரியில்லை" என்று நிற்கும் முறையை மாற்றி, ரிலீஸை, அதாவது நாணை விடும் விதத்தை, மாற்றி, கடைசியில் வில்லையே விற்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கிறது.

முதலில் கேம்களை, அதாவது வில்லின் முனைகளில் உள்ள சக்கரங்களைப் பாருங்கள். இரட்டைக் கேம் வில்லை முழுதாக இழுக்கும்போது இரண்டு ஸ்டாப்புகளும் (இழுப்பை நிறுத்தும் முளைகள்) கேபிளையோ லிம்பையோ (வில்லின் வளையும் கை) ஒரே நேரத்தில் தொட வேண்டும். இது தப்பினால் மேற்கொண்டு செய்வதெல்லாம் வீண். அப்புறம் ரெஸ்ட். ரைசரின் (பிடி உள்ள நடுப்பகுதி) பக்கத்திலிருந்து அம்பின் நடுவரை 13/16 அங்குலம், அதாவது 20.5 மில்லிமீட்டரை ஒட்டி, நிறைய வில்களுக்கு நல்ல தொடக்கம். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுங்கள். அம்பு நாணுக்குச் செங்குத்தாக இருக்கும்படி டி-லூப்பை (அம்பு பொருந்தும் இடத்தில் நாணில் கட்டும் சிறு கயிற்று வளையம்) கட்டுங்கள். ஸ்டெபிலைசரையும் இப்போதே மாட்டிவிடுங்கள், எடை மாறினால் பிடியும் மாறும்.

இனி காகிதம்: அதை ஊடுருவும்படி எய்து கிழிசலைப் பார்ப்பது. இதைத் தவிர்க்காதீர்கள். விறைப்பாகக் கட்டிய காகிதம், பின்னால் இலக்கு மெத்தை, நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி. வால் மேலே கிழித்தால் ரெஸ்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பக்கவாட்டில் கிழித்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி மறுபடி எய்யுங்கள். கிழிசல் பெரிதானால் எதிர்ப்பக்கம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். எதற்கும் அசையாத கிழிசல் என்றால், இறகு எங்கோ உரசுகிறது, அல்லது அம்பின் விறைப்பு வில்லுக்குப் பொருந்தவில்லை. டிராப்-அவே ரெஸ்டின் (எய்யும்போது கீழே விழுந்து வழிவிடும் ரெஸ்ட்) கயிறு தப்பாகக் கட்டப்பட்டிருப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இறகில் பவுடர் தடவி எய்தால் உரசிய இடம் தெரிந்துவிடும்.

சைட்? இப்போதுதான். அம்பு போன பக்கமே சைட்டை நகர்த்துங்கள், அவ்வளவுதான்.

பீப்பைப் பற்றி ஒன்று, அதாவது குறிபார்க்க நாணில் பொருத்தும் சிறு துளை வளையம். கண்ணை மூடி வசதியாக இழுத்து, பிறகு கண்ணைத் திறங்கள். பீப் நேராகக் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். கழுத்தை வளைத்து அதைத் தேடக் கூடாது. அதற்காக ஸ்க்ரூடிரைவரால் நாணின் இழைகளைப் பிரித்து நீங்களே சொருகாதீர்கள்! அறுந்த இழைகளோடு வந்த நாண்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் பிரஸ் உள்ளவரிடம் கொடுங்கள். நூலால் இறுகக் கட்டாத பீப் தெறித்தால், அது தெறிக்கும் இடம் உங்கள் கண்.

வேகத்துக்காக இலேசான அம்பு வாங்குபவர்களே, அம்பின் எடை இழுவிசையின் பவுண்டுக்கு 5 கிரெய்னுக்கு (சிறு எடை அளவு) கீழே போகக் கூடாது. 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெய்ன். அதற்குக் கீழே போனால் அம்பில்லாமல் நாணை விட்டு வில்லைக் கெடுப்பதை நெருங்குகிறீர்கள்.

அம்பில்லாமல் விடுவது என்றதும் நினைவு வருகிறது. புது ஸ்டெபிலைசர் எப்படி இருக்கிறது என்று பார்க்க நண்பர் கையில் வில்லைக் கொடுக்காதீர்கள். அவர் வெறும் நாணை இழுப்பார், விரல் நழுவும். அப்படி நடந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்ட மாட்டேன். லிம்பின் ஓரங்களில் பஞ்சை ஓட்டி எங்காவது சிக்குகிறதா என்று பார்ப்பேன், கேமின் விளிம்பையும் நாணையும் பார்ப்பேன். அதுவரை அந்த வில்லை மறுபடி இழுக்காதீர்கள்.