காது மெஷினுக்கு ப்ளூடூத் எதற்கு?

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் பல வருஷம் வேலை பார்த்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது: "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல." குறை சரியாகவே சொல்லப்படுகிறது. தொடர் இரைச்சல் முதலில் கெடுப்பது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் அதிர்வெண் ஓசைகளைக் கேட்கும் திறனை. அந்த ஓசைகளை வாங்கும் உள்காதின் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. உயிரெழுத்துகளின் வலு கீழ் அதிர்வெண்களில் இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம்தான் போய்விடுகிறது. பத்து, கத்து, சத்து மூன்றும் ஒன்றுபோலவே காதில் விழும்.

காது இழந்த அந்தப் பகுதியைக் காது மெஷின் தேடி உயர்த்திக் கொடுக்கிறது. இன்றைய டிஜிட்டல் கருவிகள் இதை நன்றாகவே செய்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கருவியின் மைக் இருப்பது கேட்பவரின் காதில். பேசுகிறவரின் வாயோ எங்கேயோ இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். நடுவில் மின்விசிறி, டிவி, தெருவில் போகும் லாரி எல்லாம் சேர்ந்துகொள்ளும். கருவி ஒலியைக் கூட்டினால் இவையும் சேர்ந்தே கூடும்.

வயர்லெஸ் இங்கேதான் உதவுகிறது. ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். ஆசிரியரின் வாயிலிருந்து 15 செ.மீ. தள்ளி, சட்டையில் ஒரு சிறிய மைக். மாணவி 2.4 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். 15, 30, 60, 120, 240 என நான்கு இரட்டிப்பு. கணக்குப்படி 24 டெசிபல் இழப்பு. மைக்கிலிருந்து ரேடியோ அலை நேரே அவள் கருவிக்குப் போகும்போது இந்த இழப்பு இல்லை. வகுப்பின் இரைச்சல் அப்படியே இருக்க, ஆசிரியரின் குரல் மட்டும் பக்கத்தில் வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் ப்ளூடூத்தின் பெரிய லாபம் இதுதான். கடைக்காரர் முதலில் போட்டுக்காட்டும் பாட்டு அதற்கு அப்புறம்தான்.

அடுத்தது போன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கூப்பிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனைக் காதில் ஒட்டி வைத்தால் கருவி விசிலடிக்கும். தள்ளி வைத்தால் குரல் தேயும். நேரடி இணைப்பில் இந்தத் தொல்லை இல்லை, குரலும் இரண்டு காதிலும் கேட்கும். ஒரு காதால் கேட்பதைவிட இரண்டாலும் கேட்டால் பேச்சு தெளிவாகப் பிடிபடும்.

இதைச் சாதிக்க இவ்வளவு காலம் ஏன் ஆனது? பேட்டரிதான் காரணம். கடுகளவு இடத்தில் வேலை செய்யும் துத்தநாகக் காற்று பேட்டரி தருவது சுமார் 1.4 வோல்ட். பழைய ப்ளூடூத் அதைச் சீக்கிரமே குடித்துத் தீர்த்துவிடும். அதனால் கழுத்தில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு, அதன் வழியாகப் போனை இணைத்தார்கள். ஐபோனோடு நேராகப் பேசும் கருவிகள் வந்தது 2013-14 வாக்கில்தான். ஆண்ட்ராய்டுக்கான வழி பின்னால் வந்தது. 2020-இல் அறிவித்த எல்இ ஆடியோ என்ற புது வகை ப்ளூடூத் குறைந்த மின்சாரத்தில் ஓடுகிறது. ஒரே ஒலிபரப்பை ஒரு மண்டபத்தில் இருக்கிற எத்தனை கருவியும் வாங்கிக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. ஆராகாஸ்ட் என்று இதற்குப் பெயர். நம் ஊர் பஸ் நிலைய அறிவிப்பு அப்படிக் காதுக்குள் வந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டு காதிலும் உள்ள கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தலையில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும். பல கருவிகள் அதைத் தவிர்த்து, சுமார் 10 மெகாஹெர்ட்ஸில் சிறிய காந்தப்புலத்தை உருவாக்குகின்றன. அது தலையைத் தடையில்லாமல் தாண்டும், கொஞ்ச தூரத்திலேயே தேய்ந்தும் போகும். ஒரு பக்கம் சத்தத்தைக் கூட்டினால் மறுபக்கமும் கூடுவது இதனால்தான்.

கருவியின் அளவீட்டை ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர், தன் இடத்திலிருந்தே போன் செயலி வழியே திருத்தும் வசதியும் சில மாடல்களில் உண்டு. தர்மபுரியிலிருந்து சின்னத் திருத்தத்துக்காகச் சேலத்துக்குப் பஸ் ஏறும் அலைச்சல் குறையும். முதல் பரிசோதனைக்கு மட்டும் நேரில் போகத்தான் வேண்டும்.

இனி வாங்குகிற விஷயம். எல்லாக் கருவியும் எல்லாப் போனோடும் சேராது; பட்டன் போனோடு பல கருவிகள் சேரவே சேராது. அப்படிப்பட்டவர்கள் டெலிகாயில் இருக்கிறதா என்று கேளுங்கள். போன் ரிசீவரின் காந்தப்புலத்தை வாங்கிக் குரலாக்கும் பழைய, நம்பகமான சுருள் அது. அப்புறம், போன் குரல் கருவிக்குள் ஓடும்போது வெளிச் சத்தத்தைக் கருவி எவ்வளவு குறைக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே நெடுஞ்சாலையைக் கடக்கிறவருக்கு லாரி ஹாரன் கேட்டாக வேண்டும். சொந்தப் போனையே கடைக்குக் கொண்டுபோய், கடைக்கு வெளியே சாலையோரம் நின்று வீட்டுக்கு ஒரு அழைப்பு போட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.