சாபியில் குரல் உடைகிறதா? முப்பதுகளில் உள்ள ஆண்களுக்கு ஏற்ற ஜப்பானியக் கரோக்கே பாட்டுகள்

ஜப்பானில் அலுவலக விருந்து முடிந்ததும் 'நிஜிகாய்' என்று இரண்டாம் சுற்று கிளம்பும். பல நேரம் அது கரோக்கே அறையில்தான் போய் நிற்கும். முப்பது வயது தாண்டிய ஆண்கள் அங்கே பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது செய்கிற தவறு அநேகமாக ஒன்றுதான். மெதுவான பாட்டு, மென்மையான பாட்டு என்றால் சுலபம் என்று நம்பிவிடுகிறார்கள். வேகமெல்லாம் இரண்டாம் பட்சம். சாபி எந்த உயரத்தில் இருக்கிறது, அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், நடுவில் மூச்சுக்கு இடம் உண்டா என்று பார்த்தால் போதும். ('சாபி' என்பது நம் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும் உச்சப் பகுதி.)

சாதாரணமாகப் பேசும்போது ஆணின் குரல்நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை ஒன்றோடொன்று மோதிப் பிரியும். பயிற்சி இல்லாதவர் பியானோவின் நடு ஸி தாண்டி இரண்டு மூன்று கட்டை வரை சிரமமில்லாமல் போய்விடுவார். அதற்கு மேல் உள்ள ஜி ஸ்வரத்தில் அதிர்வு விநாடிக்கு 392. அதை மூன்று விநாடி பிடித்தாலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மோதல்கள். நாள் முழுக்கக் கூட்டங்களில் பேசிக் களைத்த குரலை இரவு ஒன்பது மணிக்கு மேல் அங்கே ஏற்றினால், தாடை முன்னே நீளும், கழுத்து நரம்பு புடைக்கும், ஸ்வரம் கீறும். முப்பதுகளில் குரல் வயதாகிவிடுவதில்லை. பள்ளி நாட்களில் தினமும் கத்திப் பாடிய பழக்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

எங்கே தொடங்கலாம்? 1961-இல் சகமோடோ கியூ பாடிய 'உயே ஓ முயிதே அருகோ'. 1963-இல் 'சுகியாகி' என்ற பெயரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு இது. நான்காவது, ஏழாவது ஸ்வரங்களை விட்டுவிடும் 'யோனாநுகி' அளவுகோலைச் சார்ந்த தொடக்க வரிகள் என்பதால், மோகனம் கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். மெட்டு நிதானமாக நடக்கிறது, வரிக்கு வரி மூச்சுக்கு இடைவெளி இருக்கிறது. வயதில் மூத்த மேலாளர் முதல் புதிதாகச் சேர்ந்தவர் வரை எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்பதால் கூடச் சேர்ந்துகொள்வார்கள். கடைசியில் விசில் வேறு இருக்கிறது, குரலுக்கு ஓய்வு.

2003-இல் வந்த ஸ்மாப் குழுவின் 'செகாய் நி ஹிதோட்சு தகே நோ ஹனா' இன்னும் பாதுகாப்பானது. பலர் ஒன்றாகப் பாடுவதற்கென்றே அமைந்த மெட்டு. தனியாகத் தவறினாலும் அறை தாங்கிக்கொள்ளும். ஒகினாவாவின் பிகின் குழு 2002-இல் வெளியிட்ட 'ஷிமான்சு நு தகாரா' பாட்டில் கூட இருப்பவர்கள் போடும் கூவல்கள் உண்டு. அவர்கள் கூவும் நேரம் பாடுகிறவருக்கு மூச்சு வாங்கும் நேரம்.

அதே ஒகினாவாவின் மங்கோல் 800 குழு 2001-இல் தந்த 'சீசானா கோய் நோ உதா', இன்று முப்பதுகளில் இருக்கும் பலர் சிறுவயதில் கேட்டு வளர்ந்த பாட்டு. முதல் பகுதி பேச்சை ஒட்டியே போகும். சிக்கல் மூச்சில் இருக்கிறது. வரிகள் ஒன்றை ஒன்று துரத்தி வருவதால் பதற்றத்தில் எல்லோரும் தாளத்தை முந்திவிடுவார்கள். ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் இழுக்காமல் வெட்டிவிட்டு மூச்சை எடுத்தால் சரியாகும்.

ஃபுகுயாமா மசஹாருவின் 'கசோகு நி நாரோ யோ' (2011) தாழ்ந்த குரல்காரர்களுக்கு உகந்தது. ஆனால் இயல்பிலேயே மெல்லிய குரல் உள்ளவர் இதை மூல சுருதியில் பாடினால் ஆரம்ப வரிகள் தொண்டைக்குள்ளேயே அமுங்கிப்போகும். அவர் சுருதியை ஒன்று இரண்டு கட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஏமாற்றும் பாட்டுகளும் உண்டு. ஸ்பிட்ஸ் குழுவின் 'செரி' (1996) கேட்கக் காற்று மாதிரி இருக்கும். பாடகர் குசானோ மசமுனேயின் இயல்பான குரலே உயரமானது என்பது மைக்கைப் பிடித்த பிறகுதான் உறைக்கும். சுருதியை மூன்று நான்கு கட்டை இறக்காமல் தொட வேண்டாம். ரெமியோரோமெனின் 'கொனாயுகி' (2005) தாழ்வாகத் தொடங்கி நம்பிக்கை கொடுத்துவிட்டு, சாபியில் ஒரே தாவலாக மேலே போய்விடும். ஹிகெதான் குழுவின் 'ப்ரிடெண்டர்' (2019) பயிற்சி உள்ளவர்களுக்கே வேலை வைக்கும். களைத்த குரலோடு முதல் பாட்டாக இதை எடுக்கவே கூடாது.

இனி சுருதி. டாம், ஜாய்சவுண்ட் என எந்தக் கருவியானாலும் கைப்பலகையில் சுருதி மாற்றும் பொத்தான் இருக்கும். ஒரு அழுத்து என்பது ஹார்மோனியத்தில் வெள்ளை கறுப்பு பாராமல் அடுத்த கட்டைக்கு நகர்வது. பாட்டை எடுத்ததும் சாபியின் மிக உயர்ந்த வரியை மெதுவாக முணுமுணுத்துப் பாருங்கள். முகவாய் மேலே தூக்கினால் இரண்டு இறக்குங்கள். இன்னும் தூக்கினால் மேலும் இரண்டு. ஆரம்ப வரி கேட்காத அளவுக்குத் தாழ்ந்துவிட்டால் அந்தப் பாட்டின் வீச்சு உங்கள் குரலைவிட அகலம் என்று பொருள், வேறு பாட்டு எடுங்கள். பெண்கள் பாடிய பாட்டை ஒரு ஸ்தாயி கீழே பாடுகிறவர் சுருதியை மூன்று முதல் ஐந்து வரை ஏற்றினால் வசதியாக உட்காரும். ஸ்தாயி மாறினாலும் மதிப்பெண் கருவி ஏற்றுக்கொள்ளும். சுருதி இறக்குவதை அவமானமாக நினைத்துக் கத்துகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தொழில்முறைப் பாடகர்களே மேடையில் இறக்கிப் பாடுகிறார்கள்.

மொழியைப் பொறுத்தவரை, குறில் நெடில் பழகிய நமக்குப் பாதி வேலை முடிந்தது. ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். தமிழில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் தனித்து நிற்கும் 'ன்' முழுதாக ஒரு தட்டு வாங்கும், இரட்டிக்கும் மெய்யின் முன் வரும் நிறுத்தமும் அப்படியே. அதை விழுங்கிவிட்டால் திரையில் எழுத்துகளின் நிறம் மாறுவதற்கு முன்பே நீங்கள் அடுத்த சொல்லில் இருப்பீர்கள்.

அறைக்குள் நுழைந்ததும் இசை ஒலியைக் குறையுங்கள். சத்தம் கூடக்கூடக் குரல் தானாக உயரும், அதை மனசால் தடுப்பது கடினம். மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடித்தால் ஊளைச் சத்தம்தான் வரும். தண்டைப் பிடித்து வாயிலிருந்து நான்கைந்து விரல்கடை தள்ளி வையுங்கள்.

குரலைத் தயார் செய்ய அங்கே கிடைக்கும் ஸ்ட்ராவே போதும். பாதி டம்ளர் தண்ணீரில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஸ்ட்ராவை இறக்கி, 'ஊ' என்ற ஒலியோடு ஊதுங்கள். குமிழிகள் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வர வேண்டும். தாழ்விலிருந்து உயரத்துக்கும் திரும்பவும் வழுக்கியபடி இரண்டு மூன்று நிமிடம். மது வலியை மரக்கச் செய்வதால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியாமல் போகும். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், அடுத்தடுத்து இரண்டு பாட்டு பாடாதீர்கள். தொண்டையைக் கனைப்பதற்குப் பதில் எச்சிலை விழுங்குங்கள்.

மறுநாள் காலை மிக மென்மையாக, உயர்ந்த ஸ்வரத்தில் 'ஊ' சொல்லிப் பாருங்கள். வெறும் காற்று வந்தால் குரல்நாண் வீங்கியிருக்கலாம். அன்று பேச்சைக் குறையுங்கள், கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது. பாடும்போதே குரல் சட்டென்று போனால் அந்த நொடியே நிறுத்துங்கள், அடுத்த நாளே மருத்துவரைப் பாருங்கள். கரகரப்பு இரண்டு மூன்று வாரம் தாண்டினாலும் அப்படித்தான். ஜப்பானில் போக வேண்டிய பிரிவின் பெயர் 'ஜிபிஇன்கோகா', காது மூக்கு தொண்டைப் பிரிவு.