லவாஷ் ஏன் அடுப்புக்குள் விழுவதில்லை?

ஆர்மீனியர்கள் லவாஷ் ரொட்டி சுடும் மண் அடுப்புக்குத் தோனிர் என்று பெயர். நமக்குத் தெரிந்த தந்தூரி அடுப்பின் நெருங்கிய சொந்தம்தான், ஆனால் தரைக்குள் புதைந்திருக்கும். அதன் உட்சுவரில் துணிபோல மெல்லிய மாவு செங்குத்தாக ஒட்டி நிற்கும். அடியில் தணல். பிடிமானம் ஒன்றும் இல்லை. எப்படி விழாமல் நிற்கிறது?

மாவில் பெரிய ரகசியம் இல்லை. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, பெரும்பாலும் முந்தைய தடவை எடுத்துவைத்த கொஞ்சம் புளித்த மாவு, அவ்வளவுதான். பிசைந்த கையோடு இழுத்தால் அதிலுள்ள குளூட்டன் புரதம் ரப்பர் மாதிரி சுருங்கிக்கொள்ளும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால்தான் தளர்ந்து, கிழியாமல் விரியும். இது ஒருவர் செய்கிற வேலை இல்லை. ஒரு பெண் உருண்டை பிடிப்பார், இன்னொருவர் நீளக் கட்டையால் தேய்ப்பார், மூன்றாமவர் அதைக் கைமாற்றி வீசி வீசிப் பெரிதாக்கி, வைக்கோலோ கம்பளியோ அடைத்த நீள்வட்டத் தலையணைமேல் இழுத்துப் போர்த்துவார். அப்புறம் அடுப்புக்குள் குனிந்து சுவரில் ஒரே அறை.

ஒட்டவைப்பது மாவிலுள்ள தண்ணீர். சுடுசுவரைத் தொட்ட பக்கம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து வீங்கிப் பசையாகிவிடுகிறது. சுவரொட்டிக்கு மைதாப் பசை காய்ச்சுகிறார்களே, அதே வித்தைதான். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும்போது கொப்புளங்கள் எழும்புகின்றன. கொப்புளத்தின் முகடு முதலில் காய்வதால் அங்கேதான் பழுப்பு நிறம். ஈரம் போகப் போகப் பசை பிடியை விட ஆரம்பிக்கும், ஓரம் சுருண்டு விலகும். அந்த நொடியில் நீளமான இரும்புக் கொக்கியால் உரித்து எடுத்துவிட வேண்டும். தவறினால் ரொட்டி சாம்பலில்! மொத்தமே அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்.

என்னைக் கேட்டால், சுடுவதைவிடச் சேமிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். லவாஷைக் காயவைத்து அடுக்கிவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். பூஞ்சைக்கு வேண்டிய ஈரம் அதில் இல்லை. சாதாரண ரொட்டி நாள்பட்டால் விறைத்துப்போவது வேறு கதை: அதில் ஈரம் இருக்கும்போதே மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி இறுக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. காய்ந்த லவாஷில் அவை நகரவே முடியாமல் அப்படியே உறைந்து நிற்கின்றன. சாப்பிடும் முன் தண்ணீர் தெளித்துத் துணியில் சுற்றி வைத்தால் போதும், ஈரம் உள்ளே ஊறி அவற்றை இளக்கிவிடும். நொறுங்கியது மடிக்க வரும்.

2014இல் யுனெஸ்கோ தன் கலாசார மரபுப் பட்டியலில் லவாஷைச் சேர்த்தது. கல்யாணத்தில் மணமக்கள் தோளில் இதைப் போர்த்துவார்கள். மெத்தென்ற லவாஷ்தான் அதற்குச் சரி, காய்ந்தது உடைந்துவிடும். ஆனால் குளிர்காலத்தில் மாட்டுக்கால் வேகவைத்த ஹாஷ் சூப்புக்குக் காய்ந்ததுதான் வேண்டும். கையால் நொறுக்கிக் கிண்ணத்தில் போட்டதும் பூண்டு மணக்கும் சூப்பை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.