பின்ன நாணயமா, சில்லறைத் தாளா?

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து மூன்று சென்ட், ஐந்து சென்ட் நோட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் ‘பின்ன நாணயம்’ என்கிறார்கள். விற்பனைப் பட்டியலில் அதுதான், கண்காட்சி அட்டையிலும் அதுதான். ‘ஃபிராக்‌ஷனல் கரன்சி’ என்பதற்கு அகராதியைப் புரட்டி, ‘ஃபிராக்‌ஷன்’ என்றால் பின்னம், ‘கரன்சி’ என்றால் நாணயம் என்று ஒட்டவைத்த தொடர் இது. ஒட்டியவர் அந்தத் தாள் ஒன்றையாவது திருப்பிப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டார்.

சொல்லின் வேர் எளிது. லத்தீனில் ‘பிராங்கெரெ’ என்றால் உடைத்தல். அதிலிருந்து வந்தது ஆங்கிலச் சொல். வடமொழியில் ‘பின்ன’ என்றால் உடைந்தது, பிளந்தது. வேருக்கு வேர் பொருந்துகிறது. ஆனால் சொல் வேரில் வாழ்வதில்லை, வாயில் வாழ்கிறது. கணக்கு வகுப்பைத் தாண்டினால் தமிழில் பின்னம் என்பது ஊனம். சிலை பின்னப்பட்டால் பூசைக்கு ஆகாது என்பார்கள். பழந்தாள் சேகரிப்பில் ஒரு நோட்டின் விலையை முடிவு செய்வது அதன் நிலைதான்: மடிப்பு எத்தனை, மூலை மழுங்கியிருக்கிறதா, ஊசித்துளை உண்டா, ஓரம் கிழிந்திருக்கிறதா. அந்த இடத்தில் போய் ‘பின்ன நோட்டு விற்பனைக்கு’ என்று எழுதினால் வாங்குகிறவர் என்ன நினைப்பார்? கிழிந்த நோட்டு, அரை விலைக்குக் கேட்கலாம் என்றுதான்.

‘நாணயம்’ இன்னொரு வம்பு. தமிழ்நாட்டில் நாணயம் என்றால் உலோகக் காசு. இலங்கையில் அது பணம் முழுவதற்கும் பொது. அதனால்தான் அங்கே நாணயத்தாள், நாணயக்குற்றி என்று அழகாகப் பிரித்துக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்து வாசகருக்கு ‘பின்ன நாணயம்’ தாளா குற்றியா என்று தெரியாது. மதுரை வாசகரோ உடைந்த காசு என்றே முடிவு செய்துவிடுவார். இந்தத் தாள்கள் பிறந்ததே காசு காணாமல் போனதால். அவற்றுக்குப் போய்க் காசின் பெயர்.

1861 டிசம்பர் கடைசியில் வங்கிகள் தாளுக்கு உலோகம் கொடுப்பதை நிறுத்தின. அரசு அச்சிட்ட பச்சை நோட்டின் மதிப்பு இறங்க இறங்க, வெள்ளிக் காசைச் செலவழிப்பதைவிடப் பதுக்குவதும் கனடாவுக்கு ஏற்றுவதும் லாபமாயிற்று. 1862 கோடைக்குள் கடைகளில் மீதி கொடுக்கக் காசு இல்லை. தபால்தலையைக் கொடுத்தார்கள், அது வியர்வைக் கையில் ஒட்டிக்கொண்டு பாழானது. ஜான் கால்ட் என்பவர் தபால்தலையைப் பித்தளைச் சிமிழில் அடைத்து, மைக்கா மூடி போட்டு விற்றார். கருவூலத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பின்னர் கருவூலத் தாளில் தபால்தலைகளை ஒட்டிப் பார்த்தார். ஜூலை 17-இல் தபால்தலையைப் பணமாக ஏற்கும் சட்டம் வந்தது, ஆகஸ்ட் 21-இல் முதல் தாள்கள் வெளியாயின.

அந்த முதல் வெளியீட்டுத் தாள்களைப் பார்த்தால் போதும், பின்னம் என்ற சொல் உதிர்ந்துவிடும். ஐந்து சென்ட் தாளில் ஜெபர்சன் முகம் கொண்ட ஐந்து சென்ட் தபால்தலை ஒன்று. பத்து சென்ட் தாளில் வாஷிங்டன் தலை ஒன்று. இருபத்தைந்து சென்ட் தாளில்? டாலரின் கால் பங்கு என்று எதுவும் காட்டப்படவில்லை. ஐந்து ஜெபர்சன் தலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் வரிசையாக நிற்கின்றன. ஐம்பது சென்டில் ஐந்து வாஷிங்டன்கள். இது வகுத்தல் கணக்கு அல்ல, கூட்டல் கணக்கு. பின்பக்கத்தில், குறைந்தது ஐந்து டாலர் அளவுக்குச் சேர்த்துக் கொண்டுவந்தால் அமெரிக்க நோட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று அச்சிட்டிருக்கிறது. ஐந்து சென்ட் தாளில் நூறு சேர்க்கவேண்டும். சேர்த்து மாற்றுவதைத் தமிழன் என்னவென்று சொல்வான்? சில்லறை என்றுதான்.

இந்த முதல் வெளியீட்டுக்கு அப்போது ‘ஃபிராக்‌ஷனல்’ என்ற பெயரே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. அதன் பெயர் ‘போஸ்டேஜ் கரன்சி’, அதாவது தபால்தலைப் பணம். ஃபிராக்‌ஷனல் என்பது 1863 மார்ச் 3 சட்டத்தோடு வந்து, இரண்டாம் வெளியீட்டிலிருந்து தாளில் ஏறியது. மொழிபெயர்ப்பாளர்கள் 1862 தாளுக்கும் பின்னப் பட்டம் கட்டுவது சட்டத்தையே படிக்காத வேலை.

‘சில்லறை’ நம் சொல். சில் என்றால் சிறு துண்டு. தேங்காய்ச் சில்லு, ஓட்டுச் சில்லு, சில்வானம் எல்லாம் அந்தக் குடும்பம். தெலுங்கில் சில்லர, மலையாளத்தில் சில்லற, கன்னடத்தில் சில்லரெ. உடைந்த துண்டு என்ற கருத்து இதிலும் இருக்கிறது, ஆனால் ஊனம் என்ற நெடி இல்லை. ஐந்நூறைச் சில்லறை மாற்றினால் பணம் கெடுவதில்லை. ‘சில்லறைத்தனம்’ என்று வசவு இருக்கிறதே, சொல் தரம் குறைந்ததல்லவா என்பார்கள். சில்லறை வணிகம் என்று அரசாங்கமே எழுதுகிறது. அங்கே குறையாத தரம் இங்கே குறைந்துவிடாது.

பின்னக் கட்சிக்காரர்களின் கடைசி ஆயுதம் ‘துல்லியம்’. ஒரு முழு அலகுக்குக் கீழே என்பதைச் சில்லறை காட்டவில்லையாம். பின்னம் மட்டும் காட்டுகிறதா? முதல் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ் இந்தியா இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு வெளியிட்டது, 1926-இல் நிறுத்தப்பட்டது. இரண்டரை என்பது அசல் பின்னம். ஆனால் அது ஒரு ரூபாய்க்குக் கீழே இல்லை. சேகரிப்பாளர் யாரும் அதை அமெரிக்கத் தாள்களின் இனத்தில் வைப்பதும் இல்லை. பழைய தமிழ்க் கணக்கில் ஒன்றுக்குக் கீழானவற்றுக்குக் கீழ்வாயிலக்கம் என்று தனிப்பெயரே உண்டு: அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி. துல்லியம்தான் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போயிருக்கலாம். அதற்கும் மனமில்லை.

இன்றைய பேச்சில் ‘சில்லறை நோட்டு’ என்றால் பத்து, இருபது ரூபாய் நோட்டும் அடங்கும் என்பது மட்டும் நியாயமான ஆட்சேபம். அதனால்தான் பழந்தாளுக்குச் ‘சில்லறைத் தாள்’ என்று வைத்துக்கொள்வது நல்லது. நோட்டு என்ற சொல்மீது பகை ஒன்றுமில்லை; புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கிய நாட்டில் அது எப்போதோ தமிழாகிவிட்டது. பிரித்துக் காட்டவேண்டிய இடத்தில் தாள் உதவுகிறது, அவ்வளவே. இந்தப் பெயர் அமெரிக்காவைத் தாண்டியும் பொருந்தும். இலங்கையில் 1942-இல் வந்த ஐந்து சதத் தாளைப் பாருங்கள்: நடுவே துளை வரிசை, ஒரு பக்கம் இரண்டு சதம், மறு பக்கம் மூன்று சதம். வேண்டுமானால் கிழித்து இரண்டாகச் செலவழிக்கலாம். இதைவிடச் சில்லறையான தாள் உலகில் உண்டா? அதே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மோர்வி, பிகானேர், பூந்தி போன்ற சமஸ்தானங்கள் வெளியிட்ட அட்டைத் துண்டுகளுக்கு மட்டும் தாள் பொருந்தாது. அவற்றின்மேல் அச்சிட்டபடியே கேஷ் கூப்பன் என்று விட்டுவிடலாம்.

பெயர் தவறினால் விளக்கமும் தவறுகிறது. முதல் வெளியீட்டில் ஒவ்வொரு மதிப்பிலும் நான்கு வகை: ஓரம் தபால்தலைபோல் பல்விளிம்பாக அல்லது நேராக, பின்பக்க மூலையில் அச்சிட்ட அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனியின் பெயரெழுத்துகளைப் பின்னிய கூட்டெழுத்து இருந்து அல்லது இல்லாமல். பல் உடைந்த தாளின் ஓரத்தைக் கத்தரித்து நேர்விளிம்பு என்று விற்பது பழைய தந்திரம். அசல் நேர்விளிம்புத் தாளோடு ஒட்டிவைத்துப் பார்த்தால், கத்தரித்ததில் நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் குறுகியிருக்கும். பின்னம் என்று யாராவது சொல்லியே தீரவேண்டுமென்றால் இந்தத் தாளைச் சொல்லட்டும்.

இரண்டாம் வெளியீட்டில் வாஷிங்டன் முகத்தைச் சுற்றி வெண்கலப் பொடியில் ஒரு நீள்வட்டம் உண்டு. தாளைக் கழுவி வெளுத்தவர்களிடம் அது மங்கி, சில இடத்தில் உதிர்ந்திருக்கும். ‘வட்டம் அச்சாகாத அபூர்வ வகை’ என்று அதை விலையேற்றி எழுதுவதும் நடக்கிறது. பொடி உதிர்ந்த இடத்தில் சாய்ந்த வெளிச்சம் பட்டால் துணுக்குகள் மினுங்கும். மூன்றாம் வெளியீட்டில் மட்டுமே மூன்று சென்ட் தாள் உண்டு. அன்று ஒரு கடிதத்தின் தபால் கட்டணம் மூன்று சென்ட், அதுதான் காரணம். வாஷிங்டனுக்குப் பின்னுள்ள திரை வெளிறியதா இருண்டதா என்பதே அதன் வகை. அதே வெளியீட்டின் ஐந்து சென்டில் நோட்டு அச்சடிப்பைக் கவனித்த ஸ்பென்சர் கிளார்க் என்ற கருவூல அதிகாரியின் சொந்த முகமே ஏறியது. உயிரோடிருப்பவர் படம் பணத்தில் கூடாது என்று 1866-இல் சட்டம் வந்ததற்கு அந்த முகமும் ஒரு காரணம்.

கனடாவின் 25 சென்ட் தாள்கள், 1870, 1900, 1923 ஆண்டுத் தேதியிட்டவை, ‘ஷின்பிளாஸ்டர்’ என்ற கேலிப்பெயர் கொண்டவை. அதையும் ‘கணைக்கால் பிளாஸ்திரி’ என்று மொழிபெயர்த்துப் பட்டியல் போட்டவர்கள் இருக்கிறார்கள். கேலிப்பெயரை ஒலிபெயர்த்துவிட்டு, கனடா 25 சென்ட் சில்லறைத் தாள் என்று பக்கத்தில் எழுதினால் வாங்குகிறவருக்கும் புரியும், மருந்துக்கடையைத் தேடிப் போகமாட்டார்.

அட்டை எழுதுகிறவர்களுக்கு மாதிரி ஒன்று: ‘அமெரிக்கா, தபால்தலைப் பணம், 25 சென்ட், முதல் வெளியீடு 1862–63, பல்விளிம்பு, பின்பக்கம் கூட்டெழுத்து உண்டு, நடுவே ஒரு மடிப்பு.’ இரண்டாம் வெளியீடு முதல் 1876 வரை உள்ளவற்றுக்குத் ‘தபால்தலைப் பணம்’ இருக்கும் இடத்தில் ‘சில்லறைத் தாள்’.