ஏரா

பாய்க்கப்பல் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் அதன் அடிப்பாகத்தைக் 'கீல்' என்றே எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலச் சொல்லின் ஒலி அது. பழைய நோர்ஸ் மொழியின் 'கியோல்ர்' என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழிலோ கீல் என்றால் மூட்டு. கீல்வாதம் அப்படி வந்த பெயர்தான். தாருக்கும் கீல் என்று பெயர் உண்டு. வள்ளத்துக்குத் தார் பூசுகிற ஊரில் 'கீல்' என்று எழுதினால் வாசிப்பவர் எதை நினைப்பார்?

நமக்கு ஏரா இருக்கிறது. கப்பலின் அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பின்புறம் வரை அடியில் ஓடும் நெடுமரம் அது. முதலில் கிடத்துவது அதைத்தான். அதன்மேல்தான் வங்குகள், அதாவது விலா மரங்கள், எழும், பலகை ஏறும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் பெயர் மாறி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அப்படிக் கப்பல் கட்டிய கரைக்கு இந்தச் சொல் அந்நியமாகக் கூடாது.

இன்றைய ஆழ்கடல் பாய்க்கப்பலில் ஏராவுக்கு இரண்டு வேலை. சோழகக் காற்று கப்பலின் விலாவில் அடிக்கும்போது பாய் கப்பலை முன்னே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தள்ளும். தண்ணீருக்குள் நிற்கும் ஏரா அந்த ஒதுக்கத்தை எதிர்த்துப் பிடிக்கிறது. அது இல்லாமல் காற்றை நோக்கிச் சாய்வாக ஏற முடியாது. அப்புறம், அதற்குள் இருக்கும் ஈயமோ இரும்போ சாய்ந்த கப்பலை நிமிர்த்துகிறது.

ஏரா நீளமாக ஓடினால் கப்பல் பிடித்த திசையை லேசில் விடாது. மும்பையில் தேக்கால் கட்டிய சுஹைலி என்ற பாய்க்கப்பல் அப்படிப்பட்டது. ஆங்கிலேய மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் அதில் தனியாக, எங்கும் நிற்காமல் 312 நாளில் உலகைச் சுற்றினார். வழியில் தானியங்கிச் சுக்கான் கருவி உடைந்த பிறகும், பாய்களைச் சரியாக வைத்தால் கப்பல் தன் பாட்டில் போனது. ஆனால் தண்ணீரோடு உராயும் பரப்பு கூடுவதால் வேகம் குறையும். துறைமுகத்துக்குள் திருப்புவதும் சிரமம். ஒடுங்கி ஆழமாக இறங்கும் ஏரா வேகம் தரும், காற்றுக்கு நெருக்கமாக ஏறும். ஆனால் பாறையில் மோதினால் மோதலின் தாக்கம் முழுவதும் அது பொருத்தியிருக்கும் இடத்தில்தான் விழும்.

முதலாவதை நீள் ஏரா என்கிறேன். இரண்டாவது மீனின் துடுப்புப் போல இருப்பதால் அதைச் சிலர் 'துடுப்பு ஏரா' என்பார்கள். படகில் துடுப்பு வேறு பொருள். யாழ்ப்பாணத்தில் மீனுக்கு இருப்பது செட்டை. ஆகவே செட்டை ஏரா என்பதே எனக்குச் சரி.

சரி, ஆழம் குறைந்த எங்கள் பரவைக்கடலுக்கு எந்த ஏரா? இரண்டு மீட்டர் இறங்கும் செட்டை ஏரா அங்கே தரைதட்டிவிடும். அதற்கு மேலே இழுத்துக்கொள்ளக்கூடிய தூக்கு ஏரா உண்டு. அதை உள்ளே இழுக்க ஒரு கூடு வேண்டும். அந்தக் கூடு கப்பலின் உள்ளறையில் நடுவிலேயே இடம் பிடித்துக்கொள்ளும்.