இலவசத் தையல், எம்பிராய்டரிப் பயிற்சி: சேரும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஊசி பிடிக்கவே இப்போதுதான் பழகும் பெண்களிடம் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, கடைசியில் எந்த அலுவலகமும் ஏற்காத ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பும் தனியார் வகுப்புகள் பெருகிவிட்டன. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டியவர்களும் அதில் உண்டு. அதே அடிப்படைப் பயிற்சி அவர்கள் மாவட்டத்திலேயே ஒரு ரூபாய் செலவில்லாமல் நடக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆர்செட்டி என்று அழைக்கப்படும் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களைத்தான் சொல்கிறேன். மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் திட்டம், நடத்துவது வங்கி. பயிற்சி, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாமே இலவசம். நிலையம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், மாவட்டத்தில் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

முதலில் பயிற்சியின் பெயரைப் பாருங்கள். 'மகளிர் தையல்' வேறு, 'எம்பிராய்டரி' வேறு. இரண்டும் ஏறக்குறைய ஒரு மாதம் நடப்பவை. எம்பிராய்டரி வகுப்பில் மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டுவது, சங்கிலித் தையல், காம்புத் தையல், மணி கோத்துத் தைப்பது என்று போகும். கிழிந்த இடத்தில் இழை ஓட்டுவது, ஜிப் மாற்றுவது, ரவிக்கையின் உள்தையலைப் பிரித்து அகலப்படுத்துவது ஆகியவற்றை அங்கே எதிர்பார்க்க முடியாது. துணி சரிசெய்து கொடுத்து வருமானம் பார்க்க நினைப்பவர் தையல் வகுப்பில்தான் சேர வேண்டும். என்னைக் கேட்டால், தொடக்கநிலையில் இருப்பவருக்கு அதுவே நல்லது. ஆரி எனப்படும் கொக்கி ஊசி எம்பிராய்டரி வேலைக்குக் கல்யாண மாதங்களில்தான் கூட்டம். பழுது பார்க்கும் துணி எல்லா மாதமும் வரும்.

தகுதி என்று அறிவிப்பில் இருப்பது இரண்டே வரி: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மேல்வரம்பு பெரும்பாலும் 45; எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். ஆனால் பலரைத் திருப்பி அனுப்புவது அந்த வரிகள் அல்ல. ஊரக ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சிச் செலவைத்தான் அரசு வங்கிக்குத் திருப்பித் தருகிறது. அதனால் 'நீங்கள் அந்தக் குடும்பம்தான்' என்பதற்குத் தாள் கேட்பார்கள். நூறு நாள் வேலை அட்டை, வீட்டில் ஒருவர் மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பதற்கான சான்று, ஊரில் ஏழைக் குடும்பங்களை அடையாளம் காண நடத்தும் மக்கள் நிலை ஆய்வின் பட்டியலில் பெயர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள். உங்கள் பெயரிலேயே அட்டை இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். வேலை அட்டை என்பது குடும்பத்துக்கானது. மாமியார் குழுவில் இருந்தால் அந்தக் குழுவின் கடிதத்தை வாங்கிக்கொண்டு போங்கள்.

அதிகம் அலைக்கழிக்கப்படுவது புதிதாகக் கல்யாணமானவர்கள். ஆதார் கணவர் ஊர் முகவரியில், குடும்ப அட்டை இன்னும் தாய்வீட்டில். இரண்டும் வேறு மாவட்டமாக இருந்தால், இங்கே போனால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இங்கே போ என்பார்கள். விண்ணப்பிக்கும் முன்பே குடும்ப அட்டையில் பெயரை மாற்றிவிடுங்கள். வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு முதலெழுத்து இடம் மாறியதற்காக விண்ணப்பத்தை ஓரமாக வைத்த அலுவலகத்தையும் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் கொடுத்த மறுநாளே வகுப்பு தொடங்காது. 25 முதல் 35 பேர் சேர்ந்தால்தான் ஓர் அணி. 'கூப்பிடுகிறோம் அம்மா' என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கூப்பிடாமலே அடுத்த அணியைத் தொடங்கிவிடுவதும் நடக்கிறது. விண்ணப்பத்தின் நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் நகராதீர்கள். அந்த நகல் இல்லாவிட்டால், நீங்கள் வந்ததற்கே அத்தாட்சி கிடையாது. தினமும் விரல்ரேகை வருகைப்பதிவு உண்டு; கைக்குழந்தை இருப்பவர்கள் அந்த ஒரு மாதத்துக்கு வீட்டில் ஏற்பாடு செய்துகொண்டு சேருங்கள். பாதியில் நின்றால் சான்றிதழ் கிடையாது.

பயிற்சி முடிந்தால் கடன் தானாக வரும் என்று நம்பிவிட வேண்டாம். இரண்டு ஆண்டு வரை தொடர்ந்து வழிகாட்டுவது நிலையத்தின் கடமை. ஆனால் கடன் தருவது வங்கிக் கிளையின் முடிவு. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். அதற்கு வீட்டுப் பத்திரம் கேட்கும் மேலாளர் இருக்கிறார். இவ்வளவு சிறிய தொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைப் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

தையல் இயந்திரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் மாவட்ட சமூக நல அலுவலகம் வழியாக இலவசமாகத் தருகிறார்கள். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்த பெண்கள் கேட்கலாம். வயது 20 முதல் 40 வரைதான். தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். நாற்பதை நெருங்குபவர்கள் இயந்திரத்துக்கு முதலில் அலைந்து, சான்றிதழ் இல்லை என்று திரும்பி, பயிற்சி முடித்து வரும்போது வயது தாண்டிவிடுகிறது. ஆகவே பயிற்சி முதலில். கைவிடப்பட்ட பெண் என்ற சான்று வருவாய்த் துறையில் வாங்க நாளாகும். அந்த மனுவைப் பயிற்சி நடக்கும்போதே போட்டுவிடுங்கள்.

கலைஞர் கைவினைத் திட்டத்தையும் பலர் கேட்கிறார்கள். அது 35 வயது நிரம்பிய, ஏற்கெனவே தொழில் செய்துவருபவர்களுக்கான மானியக் கடன். போன மாதம் தைக்கக் கற்றவருக்கு அது பொருந்தாது. கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை அப்போதைய வடிவில் நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. அதில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

'பிரதமரின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். அப்படி ஒரு திட்டம் இல்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே மறுத்திருக்கிறது. ஆதார் எண்ணையோ கைப்பேசிக்கு வரும் ஓடிபியையோ அதில் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் இன்றே வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.